ஸ்ட்ரீமருக்கும் டாக்குக்கும் நடுவில் எந்த வயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவந்து தந்த டாக் (DAC, எண்களாக உள்ள பாட்டை மின்னலையாக மாற்றும் பெட்டி), கொழும்பில் இருந்து எடுப்பித்த ஸ்ட்ரீமர், வீட்டில் ஏற்கனவே இருக்கும் அம்பிளிபயர். மூன்றையும் மேசையில் வைத்த பிறகு யாழ்ப்பாணத்தில் பலருக்கும் வருவது ஒரே சந்தேகங்கள்தான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறோம். முதலில் வருபவை அடிப்படையானவை. சிக்கலானவை கீழே வருகின்றன.

ஸ்ட்ரீமரிலயே சிவப்பு, வெள்ளை ஓட்டை இருக்குதானே. பிறகு ஏன் தனியா ஒரு டாக்?

ஸ்ட்ரீமரின் வேலை இன்ரநெற்றில் இருந்தோ ஹார்ட் டிஸ்க்கில் இருந்தோ பாட்டை எண்களாக எடுத்துத் தருவது. அந்த எண்களை அம்பிளிபயருக்கு விளங்கும் மின்னலையாக மாற்றுவது டாக். சிவப்பு, வெள்ளை வெளியீடு இருந்தால் ஸ்ட்ரீமருக்குள்ளேயே ஒரு டாக் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதிலேயே சில கிழமை கேளுங்கள். குறை தெரியாவிட்டால் காசைப் பெட்டிக்குள் வையுங்கள்.

தனி டாக் உண்மையாகத் தேவைப்படும் இடங்கள் உண்டு. உள்ளே இருக்கும் டாக்கில் பின்னணி இரைச்சல் கேட்கலாம், ஹெட்போனுக்கு வலு காணாமல் இருக்கலாம், அல்லது ரீவி, கணினி, ஸ்ட்ரீமர் மூன்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கலாம்.

எத்தினை விதமான வயர் இருக்கு? ஓட்டையைப் பாத்து எப்பிடி அடையாளம் பிடிக்கிறது?

வீட்டில் காண்பவை மூன்று. யூஎஸ்பி: டாக்கின் பின்பக்கம் பெரும்பாலும் பிரிண்டரில் இருக்கும் அதே சதுர ஓட்டை இருக்கும், புதியவற்றில் டைப் சி. கொஆக்சியல்: சிவப்பு, வெள்ளை ஓட்டை மாதிரியே இருக்கும் ஒற்றை ஆர்சிஏ ஓட்டை, பல பெட்டிகளில் செம்மஞ்சள் நிறத்தில். ஒப்டிக்கல்: சின்னக் கதவு போட்ட சதுர ஓட்டை, வெளியீட்டுப் பக்கம் என்றால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். இது தொஷிபா 1983இல் கொண்டுவந்த முறை, டொஸ்லிங்க் என்றும் சொல்வார்கள். அரிதாக வருபவை இரண்டு: மூன்று ஊசி எக்ஸ்எல்ஆரில் வரும் ஏஈஎஸ்ஸும், எச்டிஎம்ஐ ஓட்டையில் வரும் ஐ2எஸ்ஸும். அவை பற்றிக் கீழே.

வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைக் கவனமாக வாசியுங்கள். வீம் மினி (WiiM Mini) என்ற ஸ்ட்ரீமரில் டிஜிட்டல் வெளியீடு ஒப்டிக்கல் மட்டும். வீம் ப்ரோவில் ஒப்டிக்கலும் கொஆக்சியலும் உண்டு, ஆனால் அதில் இருக்கும் டைப் சி ஓட்டை கரண்ட் குடுப்பதற்கு மட்டும்தான், அதற்குள்ளால் பாட்டு வராது. யூஎஸ்பி மட்டும் உள்ள டாக்கை வாங்கி வந்து வீம் ப்ரோவுடன் பூட்ட முடியாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. ஸ்ட்ரீமரில் 'வெளியீடு' என்றும் டாக்கில் 'உள்ளீடு' என்றும் எழுதிய, ஒரே வகையான ஓட்டை இரண்டிலும் இருக்க வேண்டும்.

சுருக்கமா சொல்லுங்கோ, மூண்டிலயும் எது நல்ல சத்தம்?

சரியாக வேலை செய்யும் ஒரு நல்ல டாக்கில் மூன்றுக்கும் இடையே காதில் பிடிபடும் வித்தியாசம் இராது. தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை இரண்டு: உங்களிடம் இருக்கும் கோப்புகளின் கிலோஹேர்ட்ஸ் அளவு, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பது.

பாட்டு செக்கனுக்கு எத்தனை ஆயிரம் தடவை எண்ணாக அளக்கப்படுகிறது என்பது கிலோஹேர்ட்ஸ், ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு நுணுக்கம் என்பது பிட். சீடி 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ். பழைய கசெற்றில் இருந்து கணினிக்கு ஏற்றிய நாதஸ்வரம், தவில் பதிவுகளுக்கும் அது தாராளம். ஒப்டிக்கல் 96 கிலோஹேர்ட்ஸ் வரை நம்பிப் பாவிக்கலாம். அதற்கு மேலே 192 ஓடுவதும் ஓடாததும் இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் கேபிளையும் பொறுத்தது. கொஆக்சியல் 24 பிட், 192 வரை. அதற்கும் மேலே போனால் யூஎஸ்பிதான். ஆகவே ரீவிக்கும் மேசைக் கணினிக்கும் ஒப்டிக்கல், தனி ஸ்ட்ரீமருக்குக் கொஆக்சியல், 352.8 அல்லது 384 கிலோஹேர்ட்ஸ் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு யூஎஸ்பி. யோசிக்க நேரமில்லாதவர்கள் இப்படியே பூட்டுங்கள்.

ஒப்டிக்கல் வயர் குத்தினனான், சத்தமே இல்லை.

முதலில் கேபிளின் இரண்டு முனையிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா பாருங்கள். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதால் பலர் அதோடேயே தள்ளிவிடுகிறார்கள். பிறகு ஸ்ட்ரீமர் பக்கத்தை மட்டும் செருகி, மறு முனையை உள்ளங்கைக்கு நேரே பிடியுங்கள். சிவப்புப் பொட்டு விழுந்தால் கேபிளும் வெளியீடும் சரி. டாக்கில் உள்ளீட்டை ஒப்டிக்கலுக்கு மாற்றினீர்களா என்று அடுத்ததாகப் பாருங்கள். பொட்டு விழாவிட்டால் ஸ்ட்ரீமரின் அப்பில் வெளியீடு இன்னும் சிவப்பு, வெள்ளையிலேயே நிற்கக்கூடும்.

முனை 'டிக்' என்று இறுகும் வரை போக வேண்டும். கேபிளை மூன்று சென்ரிமீற்றர் ஆரையிலும் இறுக்கமாக வளைத்து அலுமாரிக்குப் பின்னால் நசுக்காதீர்கள், உள்ளே ஓடுவது பிளாஸ்டிக் நார். ஐந்து மீற்றருக்குள் நில்லுங்கள். 96இல் ஒழுங்காகப் பாடி 192இல் படபடவென்று வெடித்தால் பழுது ஒன்றுமில்லை, மேலே சொன்ன எல்லையில் நிற்கிறீர்கள். ஸ்ட்ரீமர் அப்பில் உச்ச அளவை 96 ஆக்கிவிட்டால் முடிந்தது.

ரீவியில இருந்து ஒப்டிக்கல் எடுத்தனான். செய்திக்குச் சத்தம் வருது, படத்துக்கு வரேல்லை.

படம் டொல்பி அல்லது டிரிஎஸ் என்ற, பல சனல்களைச் சுருக்கிக் கட்டிய வடிவில் போகிறது. இரண்டு சனல் டாக்குக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. ரீவியின் ஒலி செற்றிங்கில் டிஜிட்டல் வெளியீட்டை 'ஓட்டோ'வில் இருந்து 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண வடிவம்) ஆக மாற்றுங்கள். செற்றொப் பெட்டி தனியாக இருந்தால் அதற்குள்ளும் இதே செற்றிங்கைத் தேடி மாற்றுங்கள்.

கொஆக்சியலுக்கு 75 ஓம் வயர்தான் வேணுமெண்டு சொல்லுகினம். இஞ்சை எங்கை எடுக்கிறது?

பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் நிற வீடியோ வயர் 75 ஓம் முறையில் செய்யப்படுவது. அதையே பூட்டலாம். அதுவும் இல்லையா? சிசிரிவி பூட்டுபவர்களிடம் ஆர்ஜி-59, கேபிள் ரீவி ஆட்களிடம் ஆர்ஜி-6 கிடைக்கும், இரண்டும் 75 ஓம். ஆர்ஜி-59 மெல்லியது, வளையும். ஆர்ஜி-6 விறைப்பாக நின்று டாக்கின் ஓட்டையை நெம்பும். பழைய வானொலி வேலைக்குப் பாவித்த ஆர்ஜி-58 வேண்டாம், அது 50 ஓம்.

ஈயம் வைத்து ஆர்சிஏ பூட்டுபவர்கள் ஒரு விடயம் கவனிக்க வேண்டும். விலை குறைந்த ஆர்ஜி-6இன் வெளிப்பின்னல் அலுமினியம். சாதாரண ஈயம் அதில் பிடிக்காது. பிடித்த மாதிரி உருண்டு நிற்கும், இரண்டு நாளில் கழன்றுவிடும். செப்புப் பின்னல் உள்ளதைக் கேட்டு எடுங்கள், அல்லது கேபிள் ரீவி எஃப் முனையைப் பூட்டி அதன் மேல் எஃப்-ஆர்சிஏ மாற்றியைத் திருகுங்கள். செய்து முடித்ததும் மல்ரிமீற்றரால் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியில் பட்டாலும் டாக் 'லொக்' ஆகாது, அதாவது வரும் ஓட்டத்தைப் பிடிக்காது. நீளம் ஒன்றரை மீற்றர் அளவில் இருக்கட்டும்.

சாதாரண சிவப்பு, வெள்ளை வயரில் ஒன்றைக் குத்தினாலும் ஒரு மீற்றருக்குப் பெரும்பாலும் பாடும். அவசரத்துக்குச் சரி. 192இல் இடையிடையே அறுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த வயரைத்தான்.

பாட்டுத் தொடங்கேக்கை முதல் சொல்லை விழுங்குது.

ஒப்டிக்கலிலும் கொஆக்சியலிலும் நேரக்கணக்குக்கு, அதாவது எண்களை எந்த வேகத்தில் படிப்பது என்பதற்கு, தனிக் கம்பி இல்லை. அது பாட்டின் எண்களோடு சேர்த்தே அனுப்பப்படுகிறது. 44.1இல் இருந்து 96க்கு மாறும்போது டாக் அந்த ஓட்டத்தைப் புதிதாகப் பிடிக்க அரை, ஒரு செக்கன் எடுக்கும். அதற்குள் பாடகர் முதல் சொல்லைப் பாடிவிடுவார். இரண்டு பாட்டுக்கு நடுவே ஸ்ட்ரீமர் வெளியீட்டை நிறுத்திவிட்டாலும் இதே கதை. அப்பில் வெளியீட்டை நிறுத்தாமல் வைத்திருக்கும் செற்றிங் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் எண்டால் 0உம் 1உம்தானே. பிறகு ஜிட்டர், ஜிட்டர் எண்டு எதைக் கதைக்கினம்?

எண் சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் அது எந்தக் கணத்தில் மின்னலையாக மாறுகிறது என்பது முக்கியம். அந்தக் கணம் முன்னே பின்னே ஆடுவதுதான் ஜிட்டர். முந்திய பதிலில் சொன்ன மாதிரி ஒப்டிக்கல், கொஆக்சியலில் நேரக்கணக்கு ஸ்ட்ரீமரில் இருந்து வருகிறது. அதை டாக் தனக்குள் மீட்டு, ஆட்டத்தை அடக்க வேண்டும். இன்றைய டாக்குகள் இதை நன்றாகவே செய்கின்றன. 1990களில் வந்த பெட்டிகளில் பல தடுமாறும்.

யூஎஸ்பியில் 'அசின்க்ரனஸ்' முறை என்றால் கணக்கு தலைகீழ். டாக்கின் சொந்தக் கடிகாரமே எசமான், அது வேகத்தைச் சொல்லச் சொல்ல ஸ்ட்ரீமர் தரவை அனுப்பும். பழைய ஸ்ட்ரீமரும் புதிய டாக்கும் வைத்திருப்பவருக்கு யூஎஸ்பி நல்ல தெரிவு என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

விலை கூடின யூஎஸ்பி கேபிள் போட்டால் சத்தம் திருந்துமோ?

திருந்தாது. பிரிண்டர் வயர் என்று கணினிக் கடையில் தருகிறார்களே, அது காணும். இரண்டு மீற்றருக்குள் எடுங்கள். டைப் சி என்றால் சார்ஜ் பண்ண மட்டும் உதவும் வயரா என்று பாருங்கள், அதில் தரவுக் கம்பி இருக்காது. மிச்சக் காசுக்கு ஸ்பீக்கரைப் பார்க்கலாம்.

போனை யூஎஸ்பியால டாக்கிலை குத்தினால் எந்தப் பாட்டுக்கும் 48 எண்டுதான் காட்டுது.

அன்ட்ரொயிட் எல்லாச் சத்தத்தையும் ஒரே இடத்தில் கலந்து, பெரும்பாலும் 48 கிலோஹேர்ட்ஸுக்கு மாற்றி அனுப்பும். மணிச் சத்தமும் பாட்டும் ஒன்றாக வர வேண்டும் அல்லவா. அதைத் தாண்டிப் போக யூஎஸ்பி ஓடியோ பிளேயர் ப்ரோ போன்ற அப் வேண்டும். அன்ட்ரொயிட் 14இல் இருந்து இதற்கு நேரடி வழியும் உண்டு, ஆனால் போனும் அப்பும் இரண்டும் அதை ஏற்க வேண்டும். விண்டோஸில் பிளேயருக்குள், கலக்காமல் நேரே அனுப்பும் 'வசாபி எக்ஸ்குளூசிவ்' முறையைத் தெரிவு செய்யுங்கள். 24 பிட் 96க்கு மேலே போகும் யூஎஸ்பி ஓடியோ 2 டாக்குகளை 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து தனி மென்பொருள் இல்லாமலே பிடிக்கும்.

வயரைக் குத்தின உடனை ஸ்பீக்கரிலை ம்ம்ம் எண்டு ஒரு இரைச்சல்.

எங்கள் வீடுகளில் அதிகம் காணும் கோளாறு இதுதான், பொறுமையாக வாசியுங்கள். இரண்டு பெட்டிகள் இரண்டு வழியால் எர்த்தோடு தொடர்புபட்டால் நடுவில் ஒரு வளையம் உண்டாகும். அதில் ஓடும் மின்கசிவு, கரண்டின் 50 ஹேர்ட்ஸ் சுருதியில் அம்பிளிபயருக்குள் நுழையும். யூஎஸ்பியும் கொஆக்சியலும் உலோக வயர், அந்த வளையத்தை மூடிவிடும். ஒப்டிக்கலில் போவது வெளிச்சம் மட்டும், வளையம் அங்கேயே அறுந்துபோகும்.

வழி கண்டுபிடிக்கும் ஒழுங்கு இது. வொல்யூமைக் குறைத்துக்கொண்டு டிஜிட்டல் வயரை மட்டும் கழற்றுங்கள். இரைச்சல் நிற்காவிட்டால் குற்றம் டாக்குக்கும் அம்பிளிபயருக்கும் நடுவில், டிஜிட்டல் வயரை மாற்றிப் பயனில்லை. நின்றால் மறுபடி குத்தி, லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். ரீவி தொடர்பில் இருந்தால் அதற்குப் பின்னால் வரும் கேபிள் ரீவி வயரைத் திருகிக் கழற்றுங்கள். அந்த வயர் தெருவில் இருந்து தன் எர்த்தைக் கொண்டுவருகிறது, பல வீடுகளில் கள்ளன் அதுதான். பிறகு ஸ்ட்ரீமர், டாக், அம்பிளிபயர் மூன்றையும் ஒரே மல்ரிபிளக்கில் குத்திப் பாருங்கள். இத்தனைக்கும் நிற்காவிட்டால் ஒப்டிக்கலுக்கு மாறுங்கள்.

இரைச்சலை நிறுத்த எர்த் ஊசியை வெட்டுவதும், எர்த் இல்லாத அடப்டரில் குத்துவதும் கூடவே கூடாது. உள்ளே ஒரு வயர் கழன்று உலோகப் பெட்டியில் பட்டால் 230 வோல்ற் கையில் நிற்கும். கரண்ட் நிற்கும்போது மட்டும், இன்வேட்டரில் 'ஜ்ஜ்' என்று கேட்டால் அது வேறு. சதுர அலை தரும் இன்வேட்டரில் அம்பிளிபயரின் ட்ரான்ஸ்போமர் முனகும். அதற்கு டிஜிட்டல் வயரில் மருந்து இல்லை, சைன் அலை இன்வேட்டர்தான் வேண்டும்.

இரைச்சலுக்கு எண்டு யூஎஸ்பி ஐசொலேற்றர் வாங்கிப் போட்டனான். இப்ப டாக்கையே பிடிக்குதில்லை.

ஐசொலேற்றர் என்பது கணினிக்கும் டாக்குக்கும் நடுவே உலோகத் தொடர்பை அறுக்கும் சின்னப் பெட்டி. மலிவானவற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் ஏடியூஎம்3160 அல்லது 4160 சிப். அது செக்கனுக்கு 12 மெகாபிட் வேகத்துக்கு மேலே போகாது. அந்த வேகத்தில் 24 பிட் 96 வரைதான் ஓடும். 480 மெகாபிட்டை மட்டும் எதிர்பார்க்கும் டாக் என்றால் அடியோடு பிடிக்காது. வாங்கும்போது 'ஹை ஸ்பீட், 480' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதன் விலையைக் கேட்ட பிறகு ஒப்டிக்கல் கேபிள் ஒன்று எவ்வளவு மலிவு என்று விளங்கும்.

ராஸ்பெரி பையிலை செய்யிறன். யூஎஸ்பியோ, மேலை பூட்டுற கார்ட்டோ?

ராஸ்பெரி பை என்பது உள்ளங்கை அளவுச் சின்னக் கணினி, அதை ஸ்ட்ரீமராக ஓட்டலாம். பை 4இல் யூஎஸ்பியே போதும். பை 3, அதற்கு முந்தியவற்றில் லான் வயரும் யூஎஸ்பியும் உள்ளே ஒரே பாதையைப் பங்குபோடுகின்றன. பெரிய கோப்பு வரும்போது சில டாக்குகளில் 'டிக் டிக்' கேட்கலாம். அவற்றுக்குக் கொஆக்சியல் வெளியீடு உள்ள கார்ட் சுகம். எதுவானாலும் பை 4க்கு 5.1 வோல்ற், 3 அம்பியர் அடப்டர் கட்டாயம். போன் சார்ஜரில் ஓட்டி, டாக்கும் அதே யூஎஸ்பியில் கரண்ட் இழுத்தால் வோல்ற் விழுந்து பாட்டு அறும்.

அறுகிறதா என்று சோதிக்கத் தவில் தனியாவர்த்தனம் சரிவராது, அடியோடு அடியாக டிக் சத்தம் மறைந்துவிடும். தம்புரா சுருதி மட்டும் ஓடும் பதிவு ஒன்றைப் பத்து நிமிடம் போடுங்கள். ஒரு சின்ன வெட்டுக்கூட அதில் ஒளிக்க முடியாது.

டிஎஸ்டி கோப்பு கொஆக்சியலிலை போகுமோ?

டிஎஸ்டி என்பது ஒற்றை பிட்டை மிக வேகமாக ஓடவிடும் வேறு வகைப் பதிவு. டிஎஸ்டி64 மட்டும், டிஓபி என்ற முறையில் 176.4 கிலோஹேர்ட்ஸ் பிசிஎம் வேடத்தில் போகும். டாக்கும் அந்த உள்ளீட்டில் டிஓபியை ஏற்க வேண்டும். டிஎஸ்டி128க்கு 352.8 தேவை, அது யூஎஸ்பிக்கு உரியது. ஸ்ட்ரீமரின் வொல்யூம் முழுதாக 100இல் நிற்க வேண்டும். ஒரு படி குறைத்தாலும் உள்ளே இருக்கும் அடையாளக் குறிகள் கலைந்து, பாட்டுக்குப் பதில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வரும்.

டாக்கிலை எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கு. ரீவியைப் பூட்டலாமோ?

'ஏஆர்சி' (ரீவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ வழியால் வெளியே எடுக்கும் முறை) என்று எழுதியிருந்தால் பூட்டலாம், பிசிஎம் செற்றிங்கை மட்டும் மறக்காதீர்கள். 'ஐ2எஸ்' என்று எழுதியிருந்தால் பூட்டவே வேண்டாம். ஐ2எஸ் என்பது சிப்புக்கும் சிப்புக்கும் நடுவே ஓட 1986இல் பிலிப்ஸ் வகுத்த முறை. ஓட்டையை மட்டும்தான் எச்டிஎம்ஐயிடம் இருந்து இரவல் வாங்கியிருக்கிறார்கள். எந்த ஊசியில் எது வரும் என்பதும் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஸ்ட்ரீமரும் டாக்கும் ஒரே ஊசி ஒழுங்கைப் பின்பற்றினால் மட்டும் பயன்.

எக்ஸ்எல்ஆரில் வரும் ஏஈஎஸ், 110 ஓம் வயரில் நீண்ட தூரம் போக ஸ்டூடியோவுக்கென்று வந்தது. வீட்டில் ஒரு மீற்றருக்குக் கொஆக்சியலும் அதே வேலையைச் செய்யும்.

கனடாவிலை இருந்து வந்த டாக். அப்பிடியே குத்தலாமோ?

அடப்டரின் அடியில் '100-240' என்று இருந்தால் பிளக் மாற்றியோடு குத்தலாம். '120' மட்டும் இருந்தால் குத்திய கணமே போய்விடும். வெளியே அடப்டர் உள்ள டாக் என்றால் இங்கே ஒன்று வாங்குங்கள்: அதே வோல்ற், அதே முனைவு, அம்பியர் சமமாகவோ கூடவோ. சில டாக்குகளுக்கு ஏசி வெளியிடும் அடப்டர், அதையும் பாருங்கள். ட்ரான்ஸ்போமர் உள்ளே இருந்தால், பின்பக்கத்தில் 230க்கு மாற்றும் சுவிட்ச் இல்லாவிட்டால் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும்.

மின்னல் நேரம் ஒப்டிக்கல் எண்டால் பயமில்லைத்தானே? கடற்கரைப் பக்கம் வேறை ஏதும் பாக்கவேணுமோ?

ஒப்டிக்கல் வயருக்குள்ளால் மின்னல் தாண்டாது. ஆனால் டாக்கின் சொந்தக் கரண்ட் பிளக்காலும், ஸ்ட்ரீமருக்கு வரும் லான் வயராலும் வரும். சித்திரை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி கேட்டவுடன் மல்ரிபிளக்கையும் ரவுட்டரில் இருந்து வரும் வயரையும் கழற்றி வையுங்கள்.

குருநகர், பருத்தித்துறை மாதிரிக் கடலோரங்களில் உப்புக்காற்று ஆர்சிஏ முனையில் மங்கலான படை பிடிக்க வைக்கும். நேற்றுப் பாடிய டாக் இன்று 'லொக்' ஆகாமல் விட்டுவிட்டுப் பிடிப்பது அதனால்தான். சில மாதத்துக்கு ஒருக்கால் கழற்றி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, சற்றுத் திருகிச் செருகுங்கள். பாவிக்காத ஒப்டிக்கல் ஓட்டைக்கு மூடியைப் போட்டு வையுங்கள்.

எண்ணெல்லாம் மாறாமல் டாக்குக்குப் போகுதெண்டு என்னெண்டு நம்பிறது?

44.1, 96, 192 கோப்புகளை மாறி மாறிப் போடுங்கள். டாக்கின் திரை கூடவே மாற வேண்டும். மாறாமல் ஒரே எண்ணில் நின்றால் நடுவில் யாரோ மாற்றுகிறார்கள் (போன் பற்றிய பதிலைப் பாருங்கள்). இன்னும் உறுதி வேண்டுமா? டிரிஎஸ் பதிந்த வேவ் கோப்பு ஒன்றை, டிரிஎஸ் பிரிக்கத் தெரிந்த ஏவி ரிசீவருக்கு அதே ஒப்டிக்கல் வழியால் அனுப்புங்கள். ரிசீவர் 'டிரிஎஸ்' என்று காட்டிப் பாடினால் ஒரு பிட்டும் மாறவில்லை. வொல்யூம், ஈக்குவலைசர், சத்தத்தைச் சமப்படுத்தும் செற்றிங் எதுவும் போட்டிருந்தால் வெறும் இரைச்சல்தான் வரும்.

யூஎஸ்பியையும் ஒப்டிக்கலையும் ஒரே நேரத்திலை குத்தி வைக்கலாமோ?

வைக்கலாம், டாக் தெரிவு செய்த உள்ளீட்டை மட்டுமே பாடும். ஆனால் இரைச்சலுக்குப் பயந்து ஒப்டிக்கலுக்கு மாறியவர்கள், கணினியின் யூஎஸ்பி வயரைச் சும்மா செருகியபடியே விட்டுவிடுகிறார்கள். பாட்டு ஒப்டிக்கலில் வந்தாலும் அந்த யூஎஸ்பி வயர் எர்த் வளையத்தை மூடிக்கொண்டுதான் இருக்கும். ஒப்டிக்கலுக்கு மாறியும் இரைச்சல் போகவில்லை என்றால் டாக்கின் பின்பக்கம் போய், பாட்டுக்குத் தேவையில்லாத வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.